ஒரு தடவை கூப்பிட்ட குரல்

பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது தடவையும் பொறுத்திருந்து, மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் ‘என்ன’ என்று கேட்க வேண்டும். அந்தக் குளிர்கிடங்கில் இதை யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. ஆனால் எழுதி மாட்டிய சட்டங்களை மீறினாலும் மீறுவார்களே தவிர, இதை மீற மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவான். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். அதற்குப் பதில் சொன்னவரை ஏழு நாளைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு.

விண்வெளிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கிடங்கின் மெக்கானிக் அவன். கம்ப்ரசர், விசிறி, கதவு, அபாய மணி எல்லாம் அவன் பொறுப்பு. கையில் ஸ்பேனர் இருந்தாலும் வாயில் எப்போதும் செவ்வாய்க் கிரகம்தான். ராக்கெட் எத்தனை கட்டமாகக் கழன்று விழும், எடையில்லாத இடத்தில் தண்ணீர் எப்படி உருண்டையாக மிதக்கும் என்று, யாராவது மாட்டினால் போதும், பிடித்துவைத்துச் சொல்லித் தீர்த்துவிடுவான். அப்படி வந்த பெயர்தான் விண்வெளி. வெளியே கோபித்துக்கொள்வானே தவிர, உள்ளூர அவனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அவனோடு மல்லுக்கு நிற்கக் கிடங்கில் இரண்டே பேர். ஒருவர் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அண்ணன். இன்னொருத்தி தரை துடைக்கிற அக்கா. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. மேனேஜருக்கும் அவள் அக்காதான், லாரி டிரைவருக்கும் அக்காதான். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் அண்ணன் போனை நீட்டினார். ராக்கெட் கிளம்பும்போது விஞ்ஞானிகள் ராசிக்காக வேர்க்கடலை கொறிக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. விண்வெளியின் முகம் செத்துப்போனது. அது தமாஷுக்கு, டென்ஷன் குறைய, அப்படி இப்படி என்று சமாளித்தான். இன்னொரு நாள் அவனாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். வானத்திலிருந்து ஏதாவது சிக்னல் வந்தால், ஒரு தடவை வந்ததை விஞ்ஞானிகள் லேசில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், திரும்ப வந்தால்தான் நம்புவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, “அப்ப அவங்களும் நம்ம கட்சிதானே தம்பி” என்றாள். சாப்பாட்டு அறையே சிரித்தது. அவனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இப்படிச் சிரிப்பும் சீண்டலுமாகப் போய்க்கொண்டிருந்ததுதான். அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

மூன்றாம் அறையில் விசிறி இறுகிவிட்டது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி, கூரை முட்ட மீன் பெட்டிகள். உள்ளே போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் வேலை பார்க்க, ஒருவர் கதவருகே நிற்க. அண்ணனும் அவனும் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் தும்மினார். தும்மினால் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். அண்ணன் பெஞ்சைத் தேடிப் போய்விட்டார்.

தும்மலுக்கும் விசிறிக்கும் என்ன சம்பந்தம் என்று விண்வெளி கத்தினான். அண்ணன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார். அவனுக்கு வந்ததே கோபம். இரண்டே நிமிஷ வேலை, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஸ்பேனரோடு உள்ளே போய்விட்டான். உள்ளே ஆள் இருப்பதைக் காட்ட வாசல் ஆணியில் மாட்ட வேண்டிய பெயர் வில்லையைக்கூட மாட்டவில்லை. கயிறு கட்டாமல் விண்கலத்தை விட்டு வெளியே வருகிறவனை முட்டாள் என்று நூறு தடவை சொன்னவன்தான் இதைச் செய்தான்.

பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அண்ணன் திரும்பி வரும்போது அவரை லோடு இறக்கக் கூப்பிட்டார்கள். கோட்டுகள் மாட்டும் இடத்தில் ஒன்று குறைவதை அவர் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்தார். வில்லை இல்லை. பயல் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான் என்று கதவை அழுத்திச் சாத்திவிட்டுப் போனார்.

உள்ளே கதவைத் திறக்கத் தள்ளுகோல் உண்டு. அது பனியில் இறுகிக் கிடந்தது. ஸ்பேனரால் அடித்தான், காலால் உதைத்தான். ஒரு சாண் தடிமனான கதவு, சத்தம் வெளியே போகவே போகாது. கதவுக்குப் பக்கத்தில் பேச்சுப்பெட்டி இருந்தது. பொத்தானை அழுத்திப் பேசினால் வராந்தாச் சுவரில் அந்த அறைக்கென்று இருக்கும் பெட்டியில் கேட்கும். கையை அதன்மேல் வைத்தவன் அப்படியே எடுத்துவிட்டான். அதன் ஃபியூஸைக் காலையில் கழற்றியது அவன்தான். துடைத்துப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். பொத்தானை அழுத்துவதும் சுவரை அழுத்துவதும் ஒன்றுதான் என்று உலகத்திலேயே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

முதலில் விரல் போனது, பிறகு காது, பிறகு பயமே போய்விட்டது. அதுதான் ஆபத்து என்று படித்திருந்தான். விண்கலத்தை விட்டு விலகி மிதந்து போகிறவனுக்குக் கடைசியில் எல்லாம் அழகாகத் தெரியுமோ என்னவோ. விளக்கைச் சுற்றிப் பனித்தூள் பறந்தது. நட்சத்திரம் மாதிரிதான் இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றிய அந்த நிமிஷம் கதவு திறந்தது.

வாசலில் அக்கா நின்றாள். ஒரு கையில் துடைப்பான், ஒரு கை கதவுப் பிடியில். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவனைப் பார்த்து அவள் திடுக்கிட்ட திடுக்கிடலில், உள்ளே அவன் இருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை என்பது அந்த அரைமயக்கத்திலும் அவனுக்குத் தெரிந்தது.

நடந்ததை அண்ணன்தான் பிறகு சொன்னார். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாளாம். சுவரில் இருந்த பெட்டியையே பார்த்தாளாம். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, சத்தமாக, தெளிவாக, “என்ன?” என்று கேட்டாளாம். அதற்கப்புறம் நேரே போய் மூன்றாம் அறையைத் திறந்தாளாம். அண்ணன் வராந்தாக் கோடியில் வண்டியில் இருந்தார். வண்டிச் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை, பிறகு அக்கா சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

“ஒரு தடவைதான் கூப்பிட்டுச்சாம்பா. தெரிஞ்சேதான் பதில் சொல்லியிருக்கா” என்றார். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் சட்டையைக் கழற்றும்போது பாக்கெட்டிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தான். காலையில் கழற்றிய ஃபியூஸ். இது இல்லாமல் அந்தப் பெட்டியில் குரல் எப்படி வந்தது?

மறுநாள் விடுமுறை. இருந்தும் கிடங்குக்குப் போனான். ஃபியூஸ் இல்லாத பெட்டியின் பொத்தானை முப்பது தடவை அழுத்தினான். ஒவ்வொரு தடவையும் வராந்தாவுக்கு ஓடி வந்து காவலாளியைக் கேட்டான். ஒரு கரகரப்புகூட வரவில்லை என்றார் அவர். பக்கத்து ஒயரிலிருந்து ஏறியிருக்குமா, எங்கேயோ போகிற வாக்கிடாக்கி புகுந்திருக்குமா என்று தாள் தாளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அப்படியே புகுந்திருந்தாலும் அது அவளை ஏன் கூப்பிட வேண்டும்? உள்ளே இருந்தபோது அவன் வாயே திறக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. அது மட்டும் சத்தியம். யாரிடமும் மூச்சுக் காட்டாமல் ஃபியூஸை மாட்டிவிட்டு வந்தான்.

அக்கா எப்போதும் போலத்தான் வேலைக்கு வந்தாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை துடைப்பான் கழுவும் மருந்து எங்கே இருக்கிறது, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். செவ்வாய்க்கிழமை வீட்டுப் பூந்தொட்டிகளை எடுத்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். விண்வெளிக்கும் ஒன்று கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் நழுவினான். அவளும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வருவதும், விழுங்கிக்கொள்வதும் அவனுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்தான் தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை அவள் தொடவே இல்லை. இன்னும் மூணு நாளைக்கு அது எதுக்கு என்று சிரித்தாளாம்.

விண்வெளிக்கு அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டது எதுவாக இருந்தாலும் சரி, அது வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. அவளே கிளம்பிவிட்டாள். பத்து வருஷமாக மாத்திரையில் ஓடுகிற உடம்பு, ஒரு வாரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லப் பெரிய விஞ்ஞானி தேவையில்லை. தன்னை வெளியே எடுத்தவளை இப்படி விட்டால் தான் மனுஷனே இல்லை என்று நினைத்தான். பொய் சொல்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். எதற்கெடுத்தாலும் ஆதாரம் காட்டு, ஆதாரம் காட்டு என்று எல்லோர் உயிரையும் எடுத்தவன் அவன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் அவள் தனியாக இருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். அவன் எதிரே போய் உட்கார்ந்தான்.

“அக்கா, அன்னைக்கு உங்களக் கூப்பிட்டது நான்தான்” என்றான். “பெட்டியில பேசினேன். குளிருல பொத்தான் ஒட்டிக்கிச்சு, ரெண்டாவது தடவ அழுத்த முடியல. அதான் ஒரு தடவையோட நின்னுபோச்சு.”

அக்கா அவனையே பார்த்தாள்.

“நீயா?”

“நான்தான்க்கா. வேற யாரு? உள்ள இருந்தது நான் ஒருத்தன்தானே?”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. ஐந்து நாளாக அவள் மூச்சை முழுசாக விடவே இல்லை போலிருக்கிறது, அப்படி ஒரு பெருமூச்சு வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. படுபாவி, இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன, நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே என்று திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். அவனும் சிரித்தான். அவனுக்கு அழுகைதான் வந்தது. உண்மை சொல்லி ஒருநாளும் ஒருவர் முகத்தில் இப்படி வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை.

“மாத்திரை வச்சிருக்கீங்களா?”

பையில்தான் இருந்தது. அட்டையைப் பிதுக்கி ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். அவன் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். அவள் தம்ளரை எடுத்தாள். மாத்திரையை வாய்வரை கொண்டுபோனவள், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நிறுத்தினாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. சும்மா ஒரு ஆசைக்குக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“ஆமா, அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்? எங்கம்மா மட்டும்தான் என்ன அப்படிக் கூப்பிடுவாங்க. அவங்க போயி முப்பது வருஷமாச்சு. இங்க யாருக்கும் நான் சொன்னதில்லையே.”

விண்வெளி வாயைத் திறந்தான். யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். யார் சொன்னார்கள் என்று கேட்பாள். சம்பளச் சீட்டில் பார்த்தேன் என்று சொல்லலாம். அதில் இருப்பது அந்தப் பெயர் இல்லை.

“சொல்லு தம்பி” என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. “நீதானே கூப்பிட்ட? என்னன்னு கூப்பிட்ட? ஒரு தடவ சொல்லு, போதும்.”

அவனுக்குத் தெரிந்த கிரகங்களின் பெயர்கள், நிலாக்களின் பெயர்கள், ராக்கெட்டுகளின் பெயர்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் கேட்ட அந்த ஒரு பெயர் அவனுக்குத் தெரியாது.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். மாத்திரையை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, துடைப்பானை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் போனாள்.