போய்ச் சேராத பொதிகள்

யாகப்பு விசாரணைக் கைதியாக விளக்கமறியலில் இருந்த முதல் ஏழு கிழமையும், சனிக்கிழமை தவறாமல், கத்தரீனா பிட்டு அவித்து மீன் பொரித்துப் பொதி கட்டிக் கொடுத்தாள். கொண்டுபோனவர் அம்புறோஸ். நெடுந்தீவுக் கரையில் இரண்டு வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி அவர். யாகப்பு அவருடைய வள்ளத்தில் கடலுக்குப் போனவன். இரண்டு வயது மகள் மாக்கிறேற்றை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவர்தான். ஆகவே அவர், "பொம்பிளையளை மறியலுக்குள்ளை விடமாட்டாங்கள், தங்கச்சி. நீர் கட்டித்தாரும், நான் குடுக்கிறன்" என்று சொன்னபோது, அதைச் சந்தேகப்படலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பொதி போனால் பதில் வரும். நாலு வரியில் கடிதம். யாகப்புவுக்கு எழுத்து வராது. உள்ளே படித்த ஒருவன் எழுதிக் கொடுக்கிறான் என்றார் அம்புறோஸ். எல்லாக் கடிதமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுகமாயிருக்கிறேன், பிள்ளையைக் கவனமாய்ப் பார், அம்புறோஸ் அண்ணை சொல்வதைக் கேட்டு நட.

வழக்கு ஒரு வலைச் சண்டை. நடுக்கடலில் வேறு கரைத் தோணியொன்று யாகப்பு போன வள்ளத்தின் வலைக்கு மேலால் போனதில் வாய்ப்பேச்சு முற்றி, வள்ளத்திலிருந்த யாரோ ஒருவன் சவள் துடுப்பைத் தூக்கி வீச, தோணிக்காரன் ஒருவனுக்கு இடது கண் போய்விட்டது. வள்ளத்தில் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேர் யாகப்புதான் அடித்தது என்று பொலிசுக்குச் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருவன் அம்புறோஸின் தம்பி சவிரிமுத்து. யாகப்பு வாயே திறக்கவில்லை.

எழுபதாம் ஆண்டு மாசி மாதம். ஒரு திங்கட்கிழமை, மருத்துவமாது பரிமளம் மாக்கிறேற்றின் இருமலைப் பார்க்க வந்தாள். புளியங்கூடல்காரி, நெடுந்தீவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. யாரோடும் அளவுக்கு மிஞ்சிப் பேசாதவள். பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துவிட்டு எழுந்து போனவள் வேலிப் படலையடியில் நின்று திரும்பி வந்தாள்.

"கத்தரீனா, இதை நான் இஞ்சை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. என்ரை தம்பியும் யாழ்ப்பாணம் மறியலிலைதான் இருக்கிறான். காணிச் சண்டை. முந்தநாள் சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனனான்."

"பொம்பிளையளை விடுவினமே?"

"ஏன் விடாமல்? செவ்வாயும் சனியும் விடுறவை. பதினொரு மணி மட்டும்." பரிமளம் குரலைத் தாழ்த்தினாள். "உம்மடை மனுசனும் தம்பியும் ஒரே அறையாம். அவருக்கு வீட்டிலையிருந்து ஒண்டும் வாறேல்லையாம். தம்பிதான் தன்ரை சாப்பாட்டிலை பாதி குடுக்கிறவன். பெண்சாதி விட்டிட்டுப் போட்டாள் எண்டு சொல்லி அழுதவராம்."

 அப்படி இருக்காது, ஆள் மாறியிருக்கும் என்றுதான் கத்தரீனா முதலில் நினைத்தாள். ஆனால் அன்று முழுக்க எந்த வேலையும் கைக்கு வரவில்லை. மறுநாள் செவ்வாய். வருகிற திங்கட்கிழமை ஊர்காவற்றுறைக் கோட்டில் வழக்குத் தவணை. பொதியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு காலை லோஞ்ச் படகில் ஏறினாள். கேட்டவர்களுக்குப் பிள்ளைக்கு மருந்தெடுக்கப் போவதாகச் சொன்னாள்.

புங்குடுதீவில் இறங்கி பஸ் பிடித்து, மண்கும்பான் தாண்டி, பண்ணைப் பாலம் கடந்து மறியற்சாலை வாசலுக்கு வந்து சேரும்போது பத்தரையாகிவிட்டது. வரிசையில் பாதிப் பேர் பெண்கள். அவளும் போய்ச் சேர்ந்து நின்றாள்.

வாசலில் நின்ற காவலர் பெயரைக் கேட்டு எழுதினார். பொதியை அவிழ்த்து, பிட்டை விரலால் கிண்டிப் பார்த்தார். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் தனியே திரும்பி வந்தார்.

"வரமாட்டாராம்."

"ஐயா, பெண்சாதி வந்திருக்கிறா எண்டு சொன்னனீங்களே?"

"அதைச் சொன்ன பிறகுதான் வரமாட்டன் எண்டவர். தங்கச்சி, நாங்கள் ஒருத்தரை இழுத்துக்கொண்டு வர ஏலாது. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

பின்னால் நின்ற கிழவி முழங்கையால் இடித்தாள். உள்ளே சுவரில் மணிக்கூடு பத்து நாற்பதைக் காட்டியது. கத்தரீனா வரிசையை விட்டு விலகவில்லை.

"ஐயா, இன்னும் ஒரேயொருக்கால் போய்ச் சொல்லுங்கோ. ஏழு கிழமையும் சாப்பாடு கட்டி அனுப்பினது நான். அதைச் சாப்பிட்டது ஆர் எண்டு மட்டும் அவரைக் கேளுங்கோ. அதுக்குப் பிறகும் வரமாட்டன் எண்டால் நான் போறன்."

காவலர் அவளையும், தோளில் தலைசாய்த்திருந்த பிள்ளையையும் பார்த்தார். மறுபடி உள்ளே போனார்.

யாகப்பு வந்தான். இரண்டு கம்பி வலைகள், நடுவில் ஒரு முழ இடைவெளி. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். இருபுறமும் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிய நின்ற மனிதனைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் கழுத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"என்ன சாப்பாடு?" என்றான் யாகப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

"பிட்டும் மீன் பொரியலும். ஒவ்வொரு சனியும் அம்புறோஸ் அண்ணையிட்டைக் குடுத்து விட்டனான். உங்கடை கடிதமும் கொண்டுவந்து தந்தவர்."

"நான் ஒருத்தரையும் கொண்டு கடிதம் எழுதுவிக்கேல்லை."

"அப்ப அதெல்லாம்…"

"நீ கொம்மாவோடை குருநகருக்குப் போட்டியாம். மறியல்காரன்ரை முகத்திலை முழிக்கமாட்டன் எண்டு சொன்னியாம். அண்ணை சொன்னவர்." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "திங்கட்கிழமை குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னவர். கொஞ்ச நாள்தான் போடுவாங்களாம், வெளியிலை வர ஒரு வள்ளத்தைத் தாறாராம். நானும் ஓம் எண்டிட்டன். இனி ஆருக்காக வெளியிலை வாறது எண்டு."

"அடிச்சது ஆர்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "சவிரி. அண்ணையின்ரை தம்பி எண்டுதான் நான் வாய் திறக்கேல்லை."

அந்தப் பெயரைக் கேட்டதும் கத்தரீனாவுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. கடிதத்தில் எழுதியிருந்தது, எழுதாமல் விட்டது, ஏழு கிழமையும் அம்புறோஸ் பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போன விதம், எல்லாமே.

"நேரம்! நேரம்!" என்று காவலர் சத்தம் போட்டார்.

யாகப்பு கோபக்காரன். அவனுடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றதைக் கண்டு அவள் பயந்துபோனாள். "இஞ்சருங்கோ, என்னைப் பாருங்கோ. சனிக்கிழமை அண்ணை வருவார். ஒண்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ. தெரிஞ்சால் திங்கட்கிழமைக்கு முன்னம் வேறை ஏதும் செய்துபோடுவார். அவர் சொல்லுறதுக்குத் தலையை மட்டும் ஆட்டுங்கோ. திங்கட்கிழமை கோட்டிலை உண்மையைச் சொல்லுங்கோ. கேக்குதே?"

அவன் பதில் சொல்வதற்குள் காவலர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். ஓம் என்றானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாலு நாளும் அவள் தூங்கியது குறைவு. சனிக்கிழமை காலையில் அம்புறோஸ் வழமைபோல வந்தார். குசினி வாசலில் நின்றபடி பொதியை வாங்கினார்.

"செவ்வாய்க்கிழமை லோஞ்சிலை போனீராம்?"

"பிள்ளைக்கு இருமல் விடேல்லை, அண்ணை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான்."

"என்ன மருந்து தந்தவை?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "தண்ணி மருந்து" என்றாள். "இரண்டு நேரம் குடுக்கச் சொன்னவை."

அவர் மாக்கிறேற்றின் கன்னத்தைத் தட்டினார். பிள்ளை சிரித்தாள். "என்னட்டைச் சொல்லியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டும்வரை கத்தரீனா வாசலிலேயே நின்று பார்த்தாள். இன்னும் மூன்று மணித்தியாலத்தில் அவர் யாகப்புவுக்கு முன்னால் நிற்பார். அவன் ஒரு வார்த்தை தவறிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அம்புறோஸ் ஒரு கடிதத்தை நீட்டினார். அங்கேயே பிரித்து வாசித்தாள். 'நாளைக்குக் கோட்டுக்கு வரவேண்டாம். உன்னைக் கண்டால் எனக்கு மனம் தாங்காது.'

"சுகமாய் இருக்கிறாரே, அண்ணை?"

"இருக்கிறான். கனக்கக் கதைக்கேல்லை. தலையைத் தலையை ஆட்டினவன்."

அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாதே என்று குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள்.

அன்று பின்னேரம் லோஞ்சில் போய், ஊர்காவற்றுறைக்குக் கிட்ட இருந்த புளியங்கூடலில் பரிமளத்தின் தாய் வீட்டில் தங்கினாள். திங்கட்கிழமை காலை நீதிமன்றம் தொடங்குவதற்கு முன்பே முன்வரிசை வாங்கில் இடம் பிடித்துவிட்டாள். பிறகு வந்த அம்புறோஸ் அவளைக் கண்டு வாசலிலேயே ஒரு கணம் நின்றார். நேரே வந்து பக்கத்தில் குந்தினார்.

"தங்கச்சி, அவன் ஒப்புக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. இல்லாட்டில் என்ரை கரையிலை உங்களுக்கு இடமில்லை. விளங்குதே?"

 அவள் பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

யாகப்புவைக் கூண்டில் ஏற்றினார்கள். குற்றப்பத்திரிகையை வாசித்து, குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டார்கள். அவன் பேசவில்லை. மறுபடியும் கேட்டார்கள். அம்புறோஸ் தொண்டையைக் கனைத்தார். யாகப்பு அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"சுத்தவாளி, ஐயா" என்றான்.  "நான் அடிக்கேல்லை. அடிச்சது சவிரிமுத்து."

பிணை கிடைக்கவில்லை, திரும்பவும் மறியல். அம்புறோஸ் சொன்னதைச் செய்தார். கரையில் அவளுக்கு யாரும் மீன் கொடுக்கவில்லை, பேசவுமில்லை. ஒருநாள் காலையில் பார்த்தபோது வேலியைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். கத்தரீனா பிள்ளையோடு புளியங்கூடலுக்கே வந்து, பரிமளத்தின் தாய் வீட்டாருக்கு மாவிடித்துக் கொடுத்து, ஓலை பின்னி, செவ்வாயும் சனியும் மறியல் வாசலுக்குப் போனாள். மாக்கிறேற் மெல்ல மெல்லத் தகப்பனை அடையாளம் கண்டுகொண்டாள்.

நாலு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கண் போன தோணிக்காரனைக் கூப்பிட்டார்கள். சண்டை நடந்த நாளுக்குப் பிறகு அவன் யாகப்புவை நேரில் பார்த்ததில்லை. ஆள் ஒப்புக்கொள்வான் என்று இருந்ததால் அவனை அழைக்கும் தேவை வந்திருக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரு கண்ணால் கூண்டைக் கனநேரம் பார்த்தான். "இவர் சவளைப் பறிக்க வந்தவர், ஐயா. அடிச்சது இவரில்லை" என்றான். சவிரிமுத்து அதற்கு முன்பே மன்னார்ப் பக்கம் தப்பிப் போய்விட்டான்.

விடுதலையான அன்று புளியங்கூடலுக்குப் போகும் பஸ்ஸில் மூவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்கள். யாகப்பு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவிச்சது எண்டே நினைச்சனீ?"

"ஓம்."

"அண்ணை சொல்லுறதைக் கேட்டு நட எண்டு நான் எப்பவாவது சொல்லியிருக்கிறனே?"

"இல்லை." அவள் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். "நீங்கள் மட்டும்? விட்டிட்டுப் போட்டன் எண்டு சொல்ல உடனை நம்பினனீங்கள்."

 பிள்ளை அவனுடைய தாடியைப் பிடித்து இழுத்தாள். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டு, "வீட்டிலை சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"போய்த்தான் சமைக்கோணும்" என்றாள் கத்தரீனா.