மலர்கொடி கேட்ட பாட்டுகள்

மார்கழி பிறந்துவிட்டால் பரணிதரனின் போனுக்கு ஓய்வு கிடையாது. அந்த வருஷம் வந்த ஆல்பங்களில் தனக்குப் பிடித்தவற்றை ஆண்டுக் கடைசியில் அவன் முகநூலில் எழுதுவான். திருவையாற்றுப் பக்கம் சம்பா பயிரிடுகிற ஓர் ஆள், மாலி நாட்டுக் கிதாரையும் வடசென்னைக் கானாவையும் நார்வேக்காரர்களின் கூச்சலையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறானே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு அவன் சொன்னதையெல்லாம் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த வருஷமும் பட்டியல் எப்போது என்று கேட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. பங்குனியில் வந்த மூளைக்காய்ச்சல் அவன் உயிரை விட்டுவிட்டு, இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

திருச்சியில் அறுவைச் சிகிச்சை செய்து கருவி வைத்தார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. எதைப் போட்டாலும் ரோட்டில் தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்தான். நாதசுரமும் தகரம், குரலும் தகரம்.

"இது பேச்சுக்காகச் செஞ்ச கருவிங்க. பாட்டு சில பேருக்குக் கொஞ்சம் வரும், நிறைய பேருக்கு வராது" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவன் டிராக்டரிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டான்.

ஷார்ஜாவிலிருந்து ஹாஜா மைதீன், கல்லூரிக் காலத்துச் சிநேகிதன், செய்தி அனுப்பினான்: 'மச்சான், லிஸ்டு எங்கடா?'

பரணிதரன் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்து, தான் கேட்டது மாதிரியே எழுத ஆரம்பித்தான். சாப்பாடு கொண்டுவந்த மனைவி மலர்கொடி எட்டிப் பார்த்தாள்.

"கேக்காமலேயா எழுதுறீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? காது போச்சுன்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கவா?"

அவள் தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து, அவனுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நான் கேக்குறேன். கேட்டு உங்ககிட்ட சொல்றேன். நீங்க எழுதுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மலர்கொடிக்கும் பாட்டுக்கும் ஆகாது. கல்யாணமான புதிதில் இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் வைப்பான். "நல்லாருக்குங்க" என்று சொல்லி, பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விடுவாள். மற்றபடி குறையில்லாத குடும்பம். அந்த ஒன்றுதான் அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

ஆனாலும் சில ஆல்பங்களை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். மாட்டுக்கு வைக்கோல் போடும்போதும் துணி துவைக்கும்போதும் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"ஒருத்தன் கத்துறான். கோவத்துல இல்ல. சந்தைக் கூட்டத்துல புள்ளயத் தொலைச்சவன் கத்துற மாதிரி."

இன்னொரு நாள், "அது என்ன பாஷையோ, ஒண்ணும் புரியல. ஆனா அந்தப் பொம்பள அழுது முடிச்சுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து பாடுது."

பரணிதரன் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். இத்தனை வருஷம் எழுதியும் அவனுக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை.

பிறகு அவள் பேச்சு குறைந்தது. கேட்டால், "நல்லாருந்துச்சு, அப்புறம் சொல்றேன்" என்பாள்.

ஒருநாள் மழைத் தண்ணீரை வயலிலிருந்து வடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தான். சோறு அடிப்பிடித்த வாடை வாசல்வரை வந்தது. கொல்லைப் படியில் மலர்கொடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவன் பதினான்கு வருஷம் ஆசைப்பட்டிருந்தான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டான். பதறிப்போய் இயர்போனைக் கழற்றினாள்.

"எது?"

"அந்த மட்டக்களப்புப் பொண்ணு பாடுனது."

"என்ன இருக்கு அதுல?"

அவள் வாயெடுத்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். "சொல்ல வரலங்க."

"சொல்ல வரலன்னா அப்புறம் எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க" என்றான் பரணிதரன். சொன்ன பிறகுதான் எவ்வளவு கத்தியிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

மலர்கொடி கோபித்துக்கொள்ளவில்லை. "இதையாங்க இவ்வளவு நாளா எனக்குக் குடுக்கப் பாத்தீங்க?" என்றாள். "நான் பாட்டுக்கு எழுந்து எழுந்து போயிருக்கேனே." வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "போடு. சத்தமா வை" என்றான். பாட்டு முடிகிறவரை அவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு அது தகரம்தான். அவள் முகத்தில் எந்த இடத்தில் என்ன மாறுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போய்விட்டான்.

டிசம்பர் கடைசி நாளில் பட்டியல் வந்தது. முதல் வரியிலேயே தனக்குக் காது போன விவரத்தை எழுதினான். 'இவை என் மனைவி மலர்கொடி கேட்டவை. வார்த்தைகளும் அவளுடையவை' என்றான். மட்டக்களப்புப் பெண்ணின் ஆல்பத்துக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டான்.

ஹாஜா மைதீன் வீடியோவில் கூப்பிட்டு அழுதான். பல பேர் ஆறுதல் சொன்னார்கள். 'அடுத்த வருஷமும் அண்ணியே எழுதட்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பரணிதரன் அதை மலர்கொடிக்குப் படித்துக் காட்டினான். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நெஞ்சுக்குள் எரியவும் செய்தது.

தை மாதம் திருவையாற்றில் ஆராதனைக் கச்சேரிகள் தொடங்கின. வருஷம் தவறாமல் அவன் தனியாகப் போய் முன்வரிசையில் உட்காருகிற பந்தல். இந்த வருஷம் மலர்கொடி தயங்கித் தயங்கி, "நான் போய்ட்டு வரட்டுங்களா?" என்றாள். வண்டியில் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தல் வாசலில் இறக்கிவிட்டான். காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து, கருவியில் காதுக்கு வெளியே மாட்டுகிற பாகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அவள் வந்தாள். எப்படி இருந்தது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வண்டியில் ஏறி அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் ஏதோ ஒன்றை மெல்ல முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள் என்பது அந்த முதுகுக்கு மட்டும் தெரிந்தது. வீடு வரும்வரை அவன் வேகத்தைக் கூட்டவில்லை.