மூன்றாம் வரி

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தேன். முதல் வரியைத் தாண்டுவதற்குள் இரண்டு பேருந்துகள் போய்விட்டன. சாக்கு மேல் இருக்கும் எண்ணைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். எழுத்துதான் எனக்கு ஈரத் தரை மாதிரி, காலை ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டும். நாற்பத்தாறு வயதில், கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்த அலுப்போடு மனைவியிடம் கற்றுக்கொண்ட எழுத்து.

மூன்றாம் வரி சி.ஆர்.பி. போன மாதம் பதினெட்டு. இப்போது தொண்ணூற்றாறு.

என் மனைவிக்குக் கணையத்தில் தொடங்கிய புற்று கல்லீரல்வரை போய்விட்டது. போன மாதம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "உடம்புக்குள்ள அழற்சி எவ்வளவு இருக்குன்னு இந்த எண் காட்டும்மா. இந்த நோயில அது ஏறிக்கிட்டே போனா, பொதுவா நாள் குறைவு. இது கடிகாரம் இல்ல, ஒரு கணிப்புதான்." வீட்டுக்கு வந்ததும் துணி மடித்துக்கொண்டே அவள் முடிவு செய்துவிட்டாள். எண் இறங்கினால், வெளியூரில் படிக்கும் மகள் ஐந்து வாரம் கழித்துப் பரீட்சையை முடித்துவிட்டு வரலாம். ஏறினால் அன்றைக்கே கூப்பிட வேண்டும்.

"என் வாயால நாலு வார்த்தை அவகிட்ட பேசணும். பேச்சு நின்னப்புறம் வந்து என்ன பண்ணுவா?"

மகளைக் கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. மூன்றாவது பேருந்தையும் விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. "எழுத்தெல்லாம் நீந்துது. நீங்களே படிங்க."

"சரிங்க டீச்சரம்மா." தாளை விரித்தேன். "ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டு. வெள்ளை அணுக்கள் எட்டாயிரம். சி.ஆர்.பி. பன்னிரண்டு. இறங்கிடுச்சு, பாத்தியா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு வயிற்றில் இடிக்க, கையால் அழுத்திக்கொண்டாள்.

"போன வாரம் சோப்பு உறையைப் படிக்கக் கால் மணி நேரம் ஆச்சு. இன்னைக்கு ஹீமோகுளோபின் ஒரே மூச்சுல வருது?"

"பழகிடுச்சு."

"இவ்வளவு நேரம் எங்க வச்சுப் பழகினீங்க, பஸ் ஸ்டாப்லயா?"

நான் தாளை மடிக்கப் போனேன்.

"விரலை வச்சுப் படிங்க."

விரலை வைத்தேன். ஹீ... மோ... என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனேன். என் வாயைப் பார்த்தபடி அவள் உதடும் கூடவே அசைந்தது. மூன்றாம் வரியில் விரல் நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. கற்றுக்கொடுத்த நாட்களிலும் நான் தடுமாறும்போது எழுத்தை எடுத்துக் கொடுக்கமாட்டாள், வரும்வரை காத்திருப்பாள்.

"தொண்ணூத்தாறு."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பிப் போனது.

"இப்ப சரியாப் படிச்சீங்க," என்றாள். "அவளுக்குப் போன் போடுங்க. முகம் தெரியிற மாதிரி போடுங்க."

தலையணையை மடித்து அவள் முதுகுக்குக் கொடுத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் தம்ளர்த் தண்ணீரில் விரல்களை நனைத்து, காதோரம் கலைந்திருந்த முடியை அழுத்தி அழுத்திப் படியவைத்தாள்.