இரண்டாம் வகுப்பு வரைந்த வழி

வெள்ளிக்கிழமை வகுப்புச் செய்தி வந்துவிட்டால் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இஸ்திரி போடுகிறவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனோடு ஜன்னல் ஓரம் ஒதுங்கிவிடுவாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் மகள் குருவி அந்த வாரம் என்ன கற்றாள், எந்தக் கணக்கில் தடுமாறினாள் என்று டீச்சர் எழுதியதை வரி விடாமல் படிப்பாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலைபோல் குவிந்துவிட்டதால், செய்தி வந்து வெகுநேரம் கழித்துத்தான் போனைத் தொட்டாள்.

அதே செய்தி குருவியின் அப்பனுக்கும் போகும். மனைவியின் விலா எலும்பை உதைத்தே முறித்தவன் அவன். மகளின் படிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டும் கோர்ட் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தது. பள்ளித் தெருவில் கால் வைக்கக் கூடாது. வீடு எங்கே என்று யாரும் அவனுக்குச் சொல்லக் கூடாது. அவன் பின்தொடராமல் இருக்க, டீச்சர்கள் போகும் வேனில்தான் குருவியை அனுப்புவார்கள். டீச்சரும் எழுதியதை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பார்த்துவிட்டே அனுப்புவார்.

'இந்த வாரம் வரைபடம் வரையக் கற்றோம். தலைப்பு: பள்ளியிலிருந்து என் வீட்டுக்கு வழி.'

கீழே, சுவரில் ஒட்டிய படங்களின் புகைப்படம். பெயர் எழுதிய ஓரங்களையெல்லாம் டீச்சர் கவனமாக மடித்துவிட்டிருந்தார். ஆனால் நடுவில் இருந்த படத்தில் மூன்று கால் நாய் ஒன்று நின்றது. குருவி வரையும் நாய்க்கு எப்போதும் மூன்று கால்தான். "நாலாவது கால் பின்னாடி ஒளிஞ்சிருக்கு" என்பாள். அது அவளைப் பெற்ற இரண்டு பேருக்கும் தெரியும், டீச்சருக்குத் தெரியாது. நாயைத் தாண்டி மேம்பாலம், பச்சைக் கூட்டல் குறி போட்ட மருந்துக்கடை, டயர்க்கடை, அதன் மேலே ஏறும் மஞ்சள் படிக்கட்டு. ஒன்றுகூட விடுபடவில்லை.

அவனும் இந்நேரம் இதைப் பார்த்திருப்பான். தான் திரும்பும்வரை குருவியைப் பார்த்துக்கொள்ளும் டயர்க்கடை அக்காவை அவள் போனில் அழைத்தாள்.

"அக்கா, குருவி வந்துட்டாளா?"

"வந்து டயருக்குள்ள உக்காந்து என்னையே மிரட்டிக்கிட்டிருக்கு. ஏண்டி மூச்சு வாங்குது?"

"ஷட்டரை இறக்குங்க. அவன் வருவான்."

"எவன்? ஓ, அந்த வீரனா? வரட்டும், அவனுக்கும் காத்து அடிச்சு அனுப்பறேன்."

சிரித்துக்கொண்டே சொன்ன அக்காவின் குரல் அப்படியே அறுந்தது. பின்னால் ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு குருவியின் அலறல்.

எதிரே வந்த ஏதோ ஒரு லோடு வேனை மறித்து ஏறியதும், போகும் வழியில் போலீசுக்குச் சொன்னதும் அவளுக்கே சரியாக நினைவில்லை. நாலைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அக்கா நெற்றி பிளந்து தரையில் கிடந்தாள். டயர் அடுக்கு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த குருவியை அவன் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"என் புள்ளையே எனக்கு வழி போட்டு அனுப்பியிருக்கா பாத்தியா?" என்று இளித்தான்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் பிடரியைப் பிடித்து முகத்தை ஷட்டரில் மோதினான். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. வாயில் பல் உடைந்து ரத்தம் வழிந்தது. கீழே விழுந்தவளின் பழைய விலாவையே தேடி உதைத்தான். உதைத்த காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் விடவில்லை.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். டயர் கழற்றும் இரும்புக் கம்பியை ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினாள். காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம். அவன் சுருண்டான். மகளின் முடியைப் பிடித்த கை மட்டும் பிரியவில்லை.

குருவியின் அம்மா அக்காவிடமிருந்து கம்பியைப் பிடுங்கி அவன் தலைக்கு மேலே ஓங்கினாள்.

"தலையில வேணாம்டி! நீ ஜெயிலுக்குப் போனா குருவியை யாரு பாக்கறது?"

கம்பி திசை மாறி அந்தக் கையின் மேல் விழுந்தது. விரல்கள் நசுங்கித் திறந்தன. குருவி விடுபட்டு அம்மாவின் வயிற்றில் முகம் புதைத்தாள்.

"நான் வரைஞ்சதாலயாம்மா?"

"இல்லடி. அவன் வந்ததால."

போலீஸ்காரர்கள் வந்து அவனைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். பெண் போலீஸ் ஒருத்தி குருவியின் முன் குனிந்தாள். "உங்க வீடு எங்கம்மா இருக்கு? சொல்லு பாப்போம்."

குருவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

விலாவில் பட்ட அடியைவிட அதுதான் தாய்க்கு அதிகம் வலித்தது. வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினாள். ஜீப் இருந்த பக்கம் திரும்பி, உள்ளே கிடப்பவன் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னாள்:

"இதோ, இந்தக் கடைக்கு மேல. மஞ்சப் படி ஏறினா முதல் கதவு. எழுதிக்கங்க மேடம். நாங்க எங்கேயும் போகல."