சுப்புராயன் சாரின் சம்மதம்

குளியலறைக் கண்ணாடி முன் நின்று சுப்புராயன் முறைத்தார். கண்ணாடியில் இருந்தவர் முறைக்கவில்லை. புருவத்தை நெரித்தார், அது பாதி வழியில் நின்றுவிட்டது. உதட்டின் இரண்டு ஓரங்களையும் கீழே இழுத்தார். காதுக்கு முன்னால் சுரீரென்றது, உதடு மறுபடி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ சொன்ன நல்ல சேதிக்குச் சிரிக்கத் தொடங்கி, முடிக்க மறந்துபோன முகம். பெண் கேட்டு வருகிறவர்கள் வெள்ளிமலையில் பஸ் ஏறிவிட்டார்களாம், கமலா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களை மறுத்து அனுப்ப வேண்டிய முகம் இது.

தியாகதுருகம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். அத்தனை ஆண்டுகளில் அவர் யாரிடமும் ‘முடியாது’ என்று வாயால் சொன்னதில்லை. விடுப்புக் கடிதத்தோடு உள்ளே வருகிற ஆசிரியர் அந்த முகத்தைப் பார்ப்பார், கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், “சும்மா வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க சார்” என்று திரும்பிவிடுவார். வடக்கனந்தல் வீட்டிலும் அதே நிர்வாகம்தான். தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போகலாமா, மிக்சி மாற்றலாமா, மகளை நர்சிங் சேர்க்கலாமா என்று கமலா வாயால் கேட்பாள். பதிலைக் கண்ணால் வாங்கிக்கொள்வாள். முகம் தொங்கினால் இல்லை. தொங்காவிட்டால் சரி. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் அறுபதாம் கல்யாண ஆல்பத்தில் தொடங்கியது. நூற்று நாற்பது படங்கள். எல்லாவற்றிலும் மாலை போட்டுக்கொண்டு ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தது போல நின்றிருந்தார். போட்டோக்காரன் அன்று “சார், கொஞ்சம் சிரிங்க” என்று கெஞ்சியது நினைவிருந்தது. அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்பதும் நினைவிருந்தது. முகம் இப்போது அவரைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருக்கிறது, தாடையோரம் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. பவுடர் பூசி வந்த பையன்களைக் குழாயடிக்குத் துரத்திக் கழுவவைத்த மனிதர் ஒரு புதன்கிழமை சேலத்துக்குத் தனியாகப் போய், தோல் கிளினிக் ஒன்றில், கன்னமெல்லாம் மார்க்கர் கோடுகளோடு மல்லாந்து படுத்திருந்தார். கத்தி கிடையாது. நூல்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத முட்கள். ஊசி வழியாகத் தோலுக்கடியில் போய்ப் பிடித்து மேலே இழுத்துக்கொள்ளும், சில மாதங்களில் கரைந்துவிடும். “மொதல்ல கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும் சார், போகப் போக செட் ஆயிடும்” என்றார் மகள் வயதிருந்த டாக்டர். மூன்று வாரத்துக்கு வாயை அகலத் திறக்கக் கூடாது, மெல்லக் கூடாது, அதிகம் பேசக் கூடாது. வீட்டில் கடைவாய்ப்பல் பிடுங்கியதாகச் சொல்லிவிட்டு, காதோடு சேர்த்துத் துண்டு கட்டிக்கொண்டு, நாலு நாள் கஞ்சி குடித்தார்.

நாலாம் நாள்தான் சந்தியா லீவில் வந்தாள். வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அங்கேயே லேப் டெக்னீஷியனாக இருக்கும் குமார் என்ற மலைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள் என்பதை, வழக்கம் போலக் கமலாதான் வாயால் சொன்னாள். சுப்புராயன் தன் முகத்தை முழு பலத்தோடு கீழே விட்டார். அது விழவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். என்ன நடக்கிறதென்று விளங்காமல் அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எதிர்ப்பைத் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த இரண்டாவது வழி அதுதான்.

“வெக்கப்படறாருடி” என்றாள் கமலா வெளியே.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓடிவிட்டது. சந்தியா வேலைக்குத் திரும்பிப் போய், நேற்று ராத்திரிதான் மறுபடி வந்திருந்தாள். இடையில் ஒரு நாள் அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசத்தானே கூடாது, எழுதலாமே. வேண்டாம் என்று எழுதினார். ஏனென்றால் என்று அடுத்து எழுதினார். பையன் குடிப்பதில்லை, அரசாங்க வேலை, சந்தியாவை விட இரண்டு வயது மூத்தவன். ஏனென்றால் என்பதற்குப் பின்னால் ஒரே ஒரு விஷயம்தான் மிச்சமிருந்தது. அதை எழுதிப் பார்த்தார். ஒரு மாணவன் நோட்டில் அந்த வரி இருந்திருந்தால் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருப்பார். வருடத்துக்கு இரண்டு முறை, கொடிக்கம்பத்தின் கீழே, மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால், பிறப்பால் எல்லோரும் சமம் என்று இருபது நிமிடம் பேசியவர். காகிதத்தைக் கிழித்தார். பழைய முகமாக இருந்திருந்தால் இந்த வரியெல்லாம் வெளியே தெரிந்தே இருக்காது.

பத்தரை மணிக்கு வந்துவிட்டார்கள். குமார், அவன் அப்பா செல்லன், அம்மா சாமியம்மாள். ஒரு தூக்கில் தேன், ஒரு பையில் சாமை அரிசி. துண்டு கட்டினால் நோயாளி போலத் தெரியும் என்று கமலா அதை அவிழ்த்துவிட்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இருந்த கோபத்தையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தார்.

சாமியம்மாள் அவரைக் கண்டதும் மகன் பக்கம் திரும்பினாள். “ஏண்டா, இவரையா மொறைப்பாரு, மொறைப்பாருன்னு சொல்லிக்கினு ராவெல்லாம் தூங்காம கெடந்த? மொகத்தப் பாரு, பச்சக்கொழந்தயாட்டம் கீது.”

குமார் தரையைப் பார்த்தான். கமலா சாப்பிடச் சொன்னாள்.

“தண்ணி போதும்மா” என்றார் செல்லன். “பேச்சு முடியட்டும். பேச்சு முடியாத வூட்ல கை நனைக்கறது மொற இல்ல.”

இரண்டு பக்கத்திலும் அதே வழக்கம்தான். வந்த காரியம் படியாவிட்டால் சோறு தொடாமல் எழுந்துபோய்விடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. சுப்புராயனுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இன்னும் ஒன்றும் நடந்துவிடவில்லை.

“எங்க மலையில பொண்ணுக்குப் பரியப் பணம் பையன் வூட்லதாங்க போடுவோம்” என்றார் செல்லன். “பொண்ணையும் கொடுத்து, நகையும் கொடுங்கன்னு கேக்கறதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல.”

வரதட்சணை ஒழிப்பு பற்றிப் பன்னிரண்டு மேடைகளில் பேசி மூன்று கேடயம் வாங்கியவர் அவர். சந்தியாவுக்காக முப்பது பவுன் சேர்த்து லாக்கரில் வைத்திருந்தார்.

“வாத்தியாரய்யா வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லா இருக்கும்” என்றார் செல்லன்.

“பல்லு புடுங்கிக்கினாரு, பேச முடியாதுங்க” என்றாள் கமலா. “அவருக்கு எப்பவும் மொகந்தாங்க பேச்சு. முப்பது வருசமா நான் படிக்கற ஒரே பொஸ்தகம் அதான். எத்தினியோ தபா பயந்து பயந்து படிச்சிருக்கேன். இந்தப் பத்து நாளாத்தான்...” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எல போடறேன், வாங்க” என்று உள்ளே போனாள்.

சுப்புராயன் குழம்பிப் போனார். அவள் பயந்து பயந்து படித்தாள் என்பது அவருக்குச் செய்தி. மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்.

கை கழுவப் பின்பக்கம் போனார். சந்தியா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். வெயில் அவர் நெற்றிப்பொட்டில் விழுந்தது. ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அவள் விரல், நர்சுகளுக்கே உரிய நிதானத்தோடு, காதோர முடியை விலக்கியது. காய்ந்த இரண்டு ஊசிப் புள்ளிகள். கீழே மஞ்சள் பூத்த கன்றல்.

“அப்பா, இது பல்லு இல்ல.”

அவர் முடியை மறுபடி காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நூல் போட்டிருக்கீங்களா?”

ஆமென்று தலையசைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

“அப்போ அன்னிக்கு நீங்க சிரிக்கவே இல்லியா?”

சுப்புராயன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை, அது நிச்சயம். ஆனால் இந்த ஒரு வாரமாகக் கமலா சமையலறையில் பாட்டு முணுமுணுத்ததும், மகள் தினமும் போனில் “அப்பா சாப்டாரா” என்று கேட்டதும், அந்த முகத்துக்குக் கிடைத்ததா தனக்குக் கிடைத்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“வேணாம்னா இப்பவே போயி சொல்லிடுங்கப்பா” என்றாள் சந்தியா. “அவங்க இன்னும் கை நனைக்கல. எழுந்து போயிடுவாங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா ஏன்னு கேட்டா காரணத்த நீங்கதான் சொல்லணும். எங்க எல்லாரு முன்னாடியும்.”

சொம்பைக் குழாய் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. உள்ளே வார்த்தை எதுவும் தயாராக இல்லை.

கூடத்தில் நான்கு இலைகள் போட்டிருந்தன. அவர் இலையில் குழைந்த சோறும் ரசமும். செல்லனுக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. செல்லனின் கை தொடைமேல் இருந்தது. “நீங்க ஆரம்பிங்க சம்பந்தி” என்றார். சாமியம்மாள் காத்திருந்தாள். குமார் மாப்பிள்ளை மாதிரி இல்லை, பரீட்சை முடிவு பார்க்க வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சந்தியா கரண்டியோடு எதிரே நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்துவிடலாம். அதற்கு முகமும் தேவையில்லை, பேச்சும் தேவையில்லை. முட்டிகள் ஒத்துழைத்தால் போதும். சுப்புராயன் கையை இலையில் வைத்தார். சோற்றைப் பிசைந்தார். பருக்கை தெரியாமல் போகும் வரை பிசைந்தார், அப்புறமும் பிசைந்தார். அவர் ஒரு வாய் வைக்காமல் யாரும் சாப்பிடுவதாக இல்லை. சந்தியா குனிந்து இன்னும் ஒரு கரண்டி ரசம் விட்டாள். அது சோற்றைத் தாண்டி இலையின் ஓரத்துக்கு ஓடியது. அவர் அவசரமாகச் சோற்றை இழுத்து ஒரு வரப்புக் கட்டினார். ரசம் கொஞ்சம் நின்றது, கட்டியதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் வழி பார்த்தது. அங்கேயும் சோற்றைத் தள்ளினார். கை முழுக்க நனைந்திருந்தது.