ஊசி போட்ட மறுநாள்

“ஊசி போட்டா கை வலிக்குமுன்னா, அப்புறம் கொழுந்தை யாரும்மா எடுக்குறது?”

இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொரோனாத் தடுப்பூசி வரப்போகிறது என்று தெரிந்த அன்று, ஏழு வயது விதுர்ஷா கேட்டது இது. அவள் அம்மா பரிமளம் அங்கே கொழுந்து பறிப்பவள். ஒரு நாளில் பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். ஆனாலும் ஒற்றையறை லயத்து வீட்டில் மூச்சிழுப்புக்காரக் கணவன் படுத்திருக்கிறான். நோயை அந்த அறைக்குள் கொண்டுவருவதில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

ஊசி போட வந்த தாதி, மிஸ்ஸி லீலாதேவி, யாழ்ப்பாணத்துக்காரி. ஒன்றும் செய்யாது என்று பூசி மெழுகவில்லை. “கை நோகும், காய்ச்சலும் வரலாம். ரெண்டு நாளிலை மாறீடும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நிக்காமல் வாங்கோ,” என்றாள். உள்ளதைச் சொன்ன அந்த வாய்க்காகவே பரிமளம் கையை நீட்டினாள்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறினாள். அடுத்த செடி நிரையில் பெரியாயி. ஊசியே வேண்டாம் என்று சத்தியம் பண்ணியவள்.

“என்னடி, மகாராணிக்குக் கை தூக்க முடியலையோ? எனக்கு ஊசிக்குப் பயமில்ல. அரைப்பேருக்குத்தான் பயம்.”

பரிமளம் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு கண் இருட்டிக்கொண்டு வர, பையை இறக்கிவிட்டுப் பாதையோரம் சாய்ந்து சற்றுக் கண்ணயர்ந்தாள்.

சாயந்தரம் தராசில் அவள் பை பதினெட்டரை காட்டியது. தோட்டத்திலேயே வேகமான கைக்காரியான பெரியாயிக்குப் பதினாலுதான். கணக்கப்பிள்ளை கேலி செய்தார். வயசாகுதுங்க என்றுவிட்டுப் பெரியாயி நடந்தாள். தான் கண்ணயர்ந்த நேரத்தில் தன் பை எப்படி நிறைந்தது என்று பரிமளத்துக்குப் புரிந்துவிட்டது. நன்றி சொல்லப் போனவளை, சோறு வடிக்கணும் என்று பெரியாயி விரட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் பரிமளம் பழையபடி பறிப்பதைப் பெரியாயி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை மிஸ்ஸி வந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான்.

அதற்கு மறுநாள் அவளுக்குக் கை தோளுக்கு மேல் எழவில்லை. பிடிவாதமாக மலைக்கு வந்திருந்தாள். பனி இறங்கி, பக்கத்து நிரைகூட மறைந்த பொழுதில், பையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க ஊற்றுநீர் விழும் பீலிக்கரைக்குப் போனாள்.

பரிமளம் தன் பையை அவிழ்த்தாள். இன்று தனக்கு அரைப்பேர்தான் என்று தெரிந்தே, முருகனை மனசுக்குள் நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பெரியாயியின் பையில் போட்டாள். அள்ளிப் போட்டது தெரியாதபடி மேலே கிடந்த கொழுந்தைக் கலைத்துச் சமப்படுத்தினாள். பிறகு தன் நிரைக்குத் திரும்பிக் கிள்ளத் தொடங்கினாள்.