பதினெட்டு மூச்சு

அந்த வார்டில் படுத்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் நிமிஷத்துக்குப் பதினெட்டு மூச்சு. குறட்டை விடுபவருக்கும் பதினெட்டு, வலியில் முனகுபவருக்கும் பதினெட்டு. இந்த அதிசயத்தை நடத்திவந்தவர் ஓர் ஆண் நர்ஸ். வார்டில் அவருக்குப் பெயர் ‘கண்ணளவு’. துணிக்கடைக் குடும்பம். அளவுகோலைத் தொடாமலே சட்டைத்துணி கிழித்துக் கொடுத்த கை. கடை போய், நர்ஸ் படிப்பு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு கட்டிலை முடித்துவிடலாமே.

அன்று காலை பத்து மணிக்கு ஏழாம் கட்டிலுக்கு வந்தார். அங்கே ஒரு லாரி டிரைவர். அவர் வயிற்றுப் புண்ணில் கசிந்த ரத்தம் முந்தாநாள்தான் நின்றிருந்தது.

“தம்பி, விடியக்காலையிலேருந்து இவருக்கு ஒரு மாதிரி மூச்சு வாங்குது,” என்றார் டிரைவரின் மனைவி.

“லாரி ஓட்டுனவராச்சேம்மா. இஞ்சின் கொஞ்சம் இரைக்கத்தான் செய்யும்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். கண்ணளவு பதினெட்டு என்று எழுதினார். அவர் மனசு அங்கே இல்லை. பதினோரு மணிக்கு மகளின் தேர்வு முடிவு. கடவுளோடு பேரம் ஓடிக்கொண்டிருந்தது: பிள்ளை பாஸானால் சிகரெட்டை விட்டுவிடுகிறேன், சரி, முதலில் பாதியாகக் குறைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு டிரைவரின் உதடு நீலம் பாய்ந்தது. டாக்டரம்மா ஓடிவந்து எண்ணினார். முப்பத்தாறு. ஆக்சிஜனை வைத்துவிட்டுக் குறிப்பைப் புரட்டினார்.

“பத்து மணிக்குப் பதினெட்டுதானா? அப்ப இது திடீர்னு வந்தது. நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கணும். ரத்தம் உறையாம இருக்கற ஊசி எடுங்க.”

“வயித்துப் புண்ணு திரும்பக் கசியுமே டாக்டர்,” என்றார் பெரிய சிஸ்டர்.

“தெரியும். வேற வழியில்ல.”

ஊசி டாக்டரம்மாவின் கைக்கு வந்ததைக் கண்ணளவு பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. டிரைவரின் வயிற்றுக்கு மட்டும் தெரியும்.

“டாக்டர், அந்தப் பதினெட்டு... கொஞ்சம் தோராயமா...” அப்போதும் பாதி விலைக்குத்தான் கேட்டுப் பார்த்தார்.

“எண்ணுனீங்களா இல்லையா, பிரதர்?”

“எண்ணல. விடியக்காலையிலேருந்தே வாங்குதுன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கல.”

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் சளி கட்டிப் பழுத்திருந்தது, ரத்தக்கட்டி இல்லை. மருந்து மாறியது. அவர் கண்ணளவைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெரிய சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “இங்கயே உக்காரு. கால் மணிக்கு ஒரு தரம், முழு நிமிஷம். பழைய பதினெட்டை அழிக்காத. ஒரே கோடு போடு, கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல உன் கையெழுத்து.”

கோடு போட்டார், கையெழுத்துப் போட்டார், எண்ண உட்கார்ந்தார். ஒன்பதில் மகளின் தேர்வு முடிவு நினைவுக்கு வந்தது, எண்ணிக்கை போயிற்று. மறுபடி தொடங்கினார். பதினாலில் வேலை போகுமோ என்ற பயம் வந்தது, அதுவும் போயிற்று. மூன்றாம் தரம் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பார்த்தார். அடுத்த மூச்சு வருமா என்பது அவர் கையில் இல்லை. ஆனால் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எதையும் ஈடாகக் கேட்காமல் யாரோ ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. அந்த யாரோவிடமா இத்தனை வருஷம் பேரம் பேசினோம் என்று காது மடல் சுட்டது. முப்பத்திரண்டு என்று எழுதினார்.

“அங்க என்ன தம்பி அடிச்சிருக்கு?” டிரைவரின் மனைவி குறிப்பை எட்டிப் பார்த்தார்.

கை தவறிவிட்டது என்றால் நம்பியிருப்பார்.

“காலையில நான் எண்ணலம்மா. எண்ணாமலே எழுதிட்டேன். நீங்க சொன்னப்ப கேலி பேசிட்டுப் போயிட்டேன்.”

அந்த அம்மா கணவரின் பக்கம் திரும்பினார்.

“நானும் சிரிச்சேனே,” என்றார்.

அந்த அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“எண்ணுங்க. நிமிஷத்தை நான் பாத்துக்கறேன்.”

இந்தத் தடவை தம்பி என்று சொல்லவில்லை. கண்ணளவு டிரைவரின் நெஞ்சைப் பார்த்து, அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.